ஓடுதளம் போட்ட கைகள்

காலையில் எங்கள் தெருவில் தார் ரோடு போட்டார்கள். சும்மாடு மேல் ஜல்லிச் சட்டியோடு ஓர் அக்கா, இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார்.

எனக்கு மாதாபர் பெண்கள் ஞாபகம் வந்துவிட்டது.

1971 டிசம்பர். குஜராத்தில் புஜ் விமானப்படைத் தளத்தின் ஓடுதளத்தைப் பாகிஸ்தான் விமானங்கள் குண்டு வீசிப் பிளந்துவிட்டன. ஓடுதளம் இல்லாமல் எந்த பைலட் பறக்க முடியும்?

பக்கத்துக் கிராமமான மாதாபரிலிருந்து சுமார் 300 பெண்கள் வந்தார்கள். சைரன் அலறினால் ஓடிப்போய்ப் புதருக்குள் பதுங்கினார்கள். மேலிருந்து பார்த்தால் தெரியக் கூடாதென்று பச்சைச் சேலை. சரிசெய்த இடத்தைச் சாணியால் மெழுகி மறைத்தார்கள். வீட்டு வாசல் மெழுகுகிற அதே கைகள்!

72 மணி நேரத்தில் ஓடுதளம் தயார்.

போர் விமானி என்றால் நம் கண்ணில் ஹெல்மெட் போட்ட ஒருவர்தான் நிற்கிறார். குண்டு மாட்டியவர், எரிபொருள் நிரப்பியவர், ராத்திரி முழுக்க ரேடார் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவர், இந்தச் சாணிக் கைகள்... இவர்கள் எல்லாரும் சேர்ந்துதானே அவரை மேலே அனுப்பினார்கள்?

அக்காவுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். மடமடவென்று குடித்துவிட்டு, "தார் இன்னும் ஆறலை, ஓரமா போப்பா" என்றார்.