பிஎஃப்சிக்கு முன்னால் ஈசிஎன்

கஞ்சிக்கோட்டில் எங்கள் சர்வர் அறைக்குப் புது ஸ்விட்ச் வந்தால் நான் முதலில் பார்ப்பது ஈசிஎன் (நெரிசல் வருவதைக் குறியிட்டு முன்பே சொல்லும் முறை) வரம்பைத்தான்; அதாவது, ஸ்விட்சில் காத்திருக்கும் பாக்கெட் வரிசை எவ்வளவு நீண்டால் குறியிட வேண்டும் என்ற அளவு. 2001-இல் வந்த ஆர்எஃப்சி 3168 என்ற இணையத் தர ஆவணம் சொல்வது எளிது: வரிசை நீண்டால் பாக்கெட்டைத் தூக்கி எறியாமல், ஐபி தலைப்பில் ஈசிஎன்னுக்கான இரண்டு பிட்டுகளை 11 ஆக்கி அனுப்பு. பெறும் சர்வர் அதைத் திருப்பிச் சொல்லும், அனுப்பும் சர்வர் வேகத்தைக் குறைக்கும். வாளையாரில் லாரிகள் தேங்கும் முன்பே கோவைக்குத் தகவல் போவது மாதிரி.

இந்த வரம்பு பிஎஃப்சி (வரிசை நிரம்பி வழியாமலிருக்க, ஒரு முன்னுரிமை வகுப்பை மட்டும் சற்று நிறுத்தச் சொல்லும் முறை) வரம்புக்குக் கீழே இருக்க வேண்டும். பிஎஃப்சி கிளம்பினால் அந்த வகுப்புப் போக்குவரத்து மொத்தமும் நிற்கும், சம்பந்தமில்லாத சர்வரும் மாட்டிக்கொள்ளும்.

அப்புறம், இதையெல்லாம் ஸ்விட்ச் எண்ணி வைக்கும் கவுண்டர்கள். குறியிட்ட பாக்கெட் பூஜ்யம், பிஎஃப்சி மட்டும் ஏறுகிறதா? பெரும்பாலும் வரம்பு அதிகம், அல்லது சர்வரில் ஈசிஎன் இயங்கவில்லை. எங்கள் பாலக்காட்டுச் சேட்டன் லிங்க் எவ்வளவு நிரம்பியது என்று காட்டும் பயன்பாட்டு வரைபடத்தைப் பார்த்து "ஒண்ணுமில்லை" என்பார். ஐந்து நிமிடச் சராசரியில் மைக்ரோபர்ஸ்ட் (கண நேரத்தில் வந்து போகும் பாக்கெட் வெள்ளம்) எங்கே தெரியும்!