வெங்காயம் உரித்தவளுக்கு உருளைக்கிழங்கு

எங்க சபை அசனம், அதாவது கோயில்ல எல்லாரும் சேர்ந்து சமைச்சுச் சாப்பிடுற விருந்து, முடிஞ்சு ரெண்டு நாளாச்சு. கையில வெங்காய வாடை இன்னும் போகல. மனசுலயும் போகல.

முந்தின நாள் சாயங்காலம் 4 மணிக்கு உட்கார்ந்தோம். சின்ன வெங்காயம், மூட்டை மூட்டையா. 8 மணிக்கு அழுகை நின்னுச்சு, கண்ணுல தண்ணி தீர்ந்துபோனதால. மறுநாள் விடியக்காலை 5 மணிக்கே மறுபடியும் இஞ்சி, பூண்டு. எங்க வீட்டுக்காரர் விறகடுப்புப் பக்கம் மேற்பார்வை. மேற்பார்வைன்னா தெரியும்தானே, இடுப்புல ரெண்டு கை.

ஆராதனையில ஐயர், எங்க சபைப் போதகர், பைபிள்ல எடுத்த பாகம் மத்தேயு 20, திராட்சத்தோட்டத்துக் கூலிக்காரங்க கதை. விடியக்காலையில வந்தவனுக்குக் கூலி ஒரு பணம். 9 மணிக்கு வந்தவன், 12 மணிக்கு, 3 மணிக்கு, பொழுது சாயுற நேரம் 5 மணிக்கு வந்தவன், எல்லாருக்கும் அதே ஒரு பணம். கிருபை உழைச்சு வாங்குற கூலி இல்ல, இயேசு சொன்ன பரலோக ராஜ்யத்துல மணிக்கணக்கே கிடையாதுன்னு ஐயர் உருகினார். நானும் தலையாட்டினேன். அப்போ பசிக்கல.

ஆசீர்வாதம் சொல்லி, இலையும் போட்டப்புறம், 12:15க்கு நம்ம சித்தப்பா வந்தார். வெள்ளை வேட்டி, முகத்துல பவுடர், நேரே முதல் பந்தி. நல்லி எலும்பு, அதுவும் ரெண்டு, அவர் இலையில விழுந்ததை இந்தக் கண்ணால பார்த்தேன். "மக்கா, குழம்பு இன்னும் கொஞ்சம்"னு என்கிட்டயே கேட்டார்.

எனக்கு அந்தத் தோட்டக்கார எஜமான் மேலதான் கோபம். காலையில வந்தவனுக்கு முதல்ல கொடுத்து அனுப்பியிருந்தா அவன் வாங்கிட்டு சந்தோஷமா வீட்டுக்குப் போயிருப்பான். அவரோ கடைசி ஆளுக்கு முதல்ல கொடுக்கச் சொல்றார், வெயில்ல வெந்தவன் பார்த்துக்கிட்டு நிக்க! எங்க அசனக் கமிட்டியும் அவர்கிட்டதான் படிச்சிருக்கு. வேலை பார்த்தவங்களுக்குக் கடைசிப் பந்தி. வாளியில நான் கறியைத் தேடின மாதிரி 100 ஆட்டுல காணாமப்போன ஒண்ணை, இயேசு சொன்ன இன்னொரு கதையில வர்ற மேய்ப்பன்கூட தேடியிருக்க மாட்டான். 99 ஆடும் முந்தின பந்திகள்லயே போயிருச்சு. அகப்பட்டது ஒரு உருளைக்கிழங்கு.

சித்தப்பா வேப்பமரத்தடியில வெத்தலை போட்டுக்கிட்டிருந்தார். "உரிக்க ஆளில்லாம தவிச்சோம், நேத்து எங்க போனீங்க?"ன்னு பிடிச்சேன்.

"என்னை யாரும் கூப்பிடலையே மக்கா."

5 மணிக்கு வந்தவங்களும் இதையேதான் சொன்னாங்க. பகல் முழுக்கச் சந்தையில நின்னோம், ஒருத்தரும் எங்களை வேலைக்குக் கூப்பிடலன்னு. மனுஷன் ஆராதனைக்கு வராமலே பிரசங்கத்தைப் பிடிச்சுட்டாரேன்னு எனக்கு இன்னும் எரிச்சல்.

ராத்திரி போனை எடுத்துப் பார்த்தேன். வெங்காயம் உரிக்க வாங்கன்னு பெண்கள் ஐக்கிய சங்கம் குரூப்புல செய்தி போட்டது நான்தான். அதுல சித்தி நம்பர் இன்னும் இருக்கு. வருஷா வருஷம் சித்திக்குச் சொன்னா போதும், சித்தப்பாவும் கையில கத்தியோட பின்னாலயே வந்துருவார். சித்தி போய் எட்டு மாசம். நம்பரை எடுக்க யாருக்கும் மனசு வரல. அவருக்குத் தனியாச் சொல்லணும்னும் யாருக்கும் தோணல.

அடுத்த வருஷம் வீட்டுக்கே போய்க் கூட்டிட்டு வரணும். முந்தின நாளே, 4 மணிக்கு. நல்லி எலும்பைப் பத்தி உரிச்சுக்கிட்டே பேசிக்கலாம்.