கோழிக்கு ஊஞ்சல் கட்டியவனின் ஐந்து மாதக் குறிப்பு

ஜனவரி 19, 2025

வலை அடைப்பு இன்றைக்கு முடிந்தது. 12 அடிக்கு 8 அடி. மூலைக்கு மூலை சவுக்குக் கழி நட்டு, சுற்றிலும் மேலேயும் கம்பிவலை. கீரி தோண்டிக்கொண்டு வரும் என்பதால் வலையின் அடியை ஓரடி மண்ணுக்குள் மடக்கிப் புதைத்தாயிற்று. ஆற்றங்கரை மணல், தோண்டுவது சுலபம். கீரிக்கும் அதே சுலபம்தானே.

கோழியை அடைத்து வளர்க்க எனக்கு ஆசை இல்லை. கடலூரில் குண்டு உப்பலவாடிப் பக்கம் வீடு. டிசம்பரில் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை பெருகி வந்தபோது பழைய கூண்டை அடித்துக்கொண்டு போய்விட்டது. அப்புறம் ஒரு மாதம் கோழிகள் பாதாம் மரத்தில்தான் அடைந்தன. ஒன்றைத் தெருநாய் கவ்விக்கொண்டு போனது. மிச்சம் இருந்த ஐந்தும் பக்கத்து வீட்டு முளைக்கீரைப் பாத்தியை ஒரே காலையில் உழுது வைத்துவிட்டன. அதற்கு மேல் சாக்குச் சொல்ல முடியவில்லை.

ஐந்தும் சிறுவிடை என்கிற நாட்டுக்கோழிப் பெட்டைகள். செம்பி, கருப்பி, புள்ளி, சாம்பி, வெள்ளச்சி. பெயர் வைத்தவள் மகள். பெயர் வைத்த அன்றே இவை குழம்புக்கு இல்லை என்று ஆகிவிட்டது.

பிப்ரவரி 9

புள்ளியின் வாலுக்கு மேலே ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு இறகு இல்லை. பேன் என்று நினைத்து இறக்கைக்கு அடியில் பிரித்துப் பார்த்தேன். பேனும் இல்லை, செள்ளும் இல்லை. சரி, உட்கார்ந்தே பார்ப்போம் என்று டீயோடு முக்காலியைப் போட்டேன்.

ஏழு மணிக்குத் தட்டில் தீனி. இருபது நிமிடத்தில் காலி. அதோடு அன்றைய வேலை முடிந்தது. சாயங்காலம் அடைகிற வரை அவற்றுக்குச் செய்ய ஒன்றுமே இல்லை. மூன்று வாரத்தில் உள்ளே இருந்த புல் பூண்டையெல்லாம் தின்று தீர்த்துத் தரை மொட்டையாகிவிட்டது. கருப்பி வலையோரமாக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிறது, கோர்ட்டு வாசலில் வாய்தாவுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி. செம்பி மெதுவாகப் புள்ளியின் பின்னால் போய் நின்றது. தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தது. ஓர் இறகைப் பிடுங்கியது. அலகில் இரண்டு முறை புரட்டி விழுங்கியது. புள்ளி ஓரடி தள்ளிப் போய் நின்றுகொண்டது, அவ்வளவுதான். கோபமும் இல்லை, சண்டையும் இல்லை. பொழுது போகாதவன் சுவரில் சுண்ணாம்பைச் சுரண்டுவது மாதிரி இருந்தது.

வீட்டுக்கோழியின் பாட்டன் பூட்டன் செங்காட்டுக்கோழி. விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பங்கைத் தரையைக் கொத்துவதிலும் கிளறுவதிலும் கழிக்கிற பறவை அது. வயிறு நிறைந்தாலும் கொத்துகிற நமைச்சல் தீராது. தரையில் கொத்த ஒன்றும் இல்லையென்றால் பக்கத்தில் நிற்பதைக் கொத்தும். ரத்தம் கசிந்துவிட்டால் போச்சு, சிவப்பைப் பார்த்து மற்றவையும் சேர்ந்துகொள்ளும்.

வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவி, புள்ளியை அடைப்புக்குள்ளேயே ஒரு கூடையைக் கவிழ்த்து அதற்குள் விட்டேன். வெளியே கொண்டுபோய்ப் பிரித்து வைத்தால், திரும்பச் சேர்க்கும்போது புதுக்கோழி வந்துவிட்டது என்று எல்லாம் சேர்ந்து சாத்தும்.

அந்த வாரம் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசிக்குக் கொண்டுபோனபோது ஊசி போட்டவரிடமும் காட்டினேன். "தீனி என்னா போடறீங்க?" என்றார். குருணையும் கம்பும் என்றேன். "வெறும் தானியம் போட்டா இறகைத்தான் தின்னும். புழு பூச்சி கிடைக்குதா?" அடைத்துவைத்த பிறகு புழு எங்கே கிடைக்கும்? இது எனக்குத் தோன்றவே இல்லை.

பிப்ரவரி 16

இந்த வாரம் செலவு வாரம். ஒரு கண்ணாடி, ஒரு முட்டைக்கோஸ், ஒரு ஊஞ்சல்.

கண்ணாடியைக் கோழி மட்டத்துக்கு வலையில் கட்டினேன். கருப்பி அதன் எதிரே நின்று கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தது. பரவாயில்லையே என்று நினைக்கும்போது செம்பி வந்தது. கூட்டத்துக்குத் தலைவி அதுதான். கண்ணாடிக்குள் இன்னொரு செம்பி முறைக்கிறது. பிடரி சிலிர்த்து, காலைத் தூக்கி, பத்து நிமிடம் தன்னோடு தானே சண்டை. அந்தக் கோபத்தைக் கடைசியில் புள்ளியிருந்த கூடையின்மேல் காட்டியது. கண்ணாடியைக் கழற்றிவிட்டேன்.

ஊஞ்சல் என்பது ஒரு சவுக்குக் கழி, இரண்டு நைலான் கயிறு. எதிர்வீட்டு ஆயா வலைக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, "ஏம்பா, ஊஞ்சலோட நிறுத்திட்ட? தொட்டிலும் கட்டித் தாலாட்டும் பாடறதுதானே?" என்றார். ஒரு கோழியும் ஏறவில்லை. ஆடுகிற எதன்மேலும் அவை நம்பி உட்காராது போலிருக்கிறது.

கோஸ் மட்டும் கொஞ்சம் பலித்தது. தரையில் போட்டால் கால்மணி நேரத்தில் முடிந்துவிடும். காம்பில் கயிறு கட்டி, கோழி எட்டிக் கொத்துகிற உயரத்தில் தொங்கவிட்டால் கொத்தும்போதெல்லாம் ஆடி விலகும். திரும்பி வந்து மூக்கில் இடிக்கும். இரண்டு நாள் தாங்கியது. ஆனால் செம்பி காவல் நின்று யாரையும் அண்டவிடவில்லை. மறுமுறை ஒரே கோஸை இரண்டாகப் பிளந்து எதிரெதிர் மூலையில் கட்டினேன். ஒரே நேரத்தில் இரண்டு மூலையில் காவல் நிற்க செம்பியாலும் முடியாது.

மார்ச் 2

தண்ணீர் பாட்டிலில் காய்ச்சிய ஆணியால் ஓட்டை போட்டுக் கம்பு நிரப்பி உருட்டிவிட்டேன். முதல்முறை ஓட்டை பெரிதாகி ஐந்து நிமிடத்தில் எல்லாம் கொட்டிவிட்டது. அடுத்ததில் ஓட்டை சிறிதாகி ஒன்றும் விழவில்லை. கம்பு ஒன்றிரண்டாக நழுவுகிற அளவு மூன்றாவது பாட்டிலில்தான் அமைந்தது.

இரண்டு நாள் அதைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தன. மூன்றாம் நாள் வெள்ளச்சியின் கால் தற்செயலாகப் பட்டு பாட்டில் உருண்டு நான்கு மணி விழுந்தது. வெள்ளச்சி மணியைத் தின்றது, பாட்டிலைப் பார்த்தது, மறுபடி உதைத்தது. ஐந்திலும் இதற்குத்தான் மூளை. மற்ற நான்கும் இன்றுவரை உதைக்கக் கற்றுக்கொள்ளவில்லை. வெள்ளச்சி உதைக்க, பின்னாலேயே போய்ப் பொறுக்கிக்கொள்கின்றன.

மார்ச் 13

நேற்று மாசி மகம். குடும்பத்தோடு தேவனாம்பட்டினம் கிளம்புகிற அவசரம். வாசலில் கூட்டிய பாதாம் சருகு ஒரு சாக்கு நிறைய இருந்தது. குப்பை வண்டி வரவில்லை. வைத்துவிட்டுப் போனால் காற்றில் தெருவெல்லாம் பறக்கும். சாக்கைக் கொண்டுபோய் அடைப்புக்குள் கவிழ்த்துவிட்டு ஓடினேன்.

நாலு மணிக்குத் திரும்பி வந்து பார்த்தால் இடுப்புயரக் குவியல் இருந்த இடத்தில் குவியல் இல்லை. சருகு அடைப்பு முழுக்கப் பாய் விரித்ததுபோலப் பரவியிருந்தது. ஐந்தும் வரிசையாகக் கிளறிக்கொண்டிருந்தன. வலையோரம் ஒருத்தரும் நடக்கவில்லை. நான் வந்ததைக்கூடக் கவனிக்கவில்லை, அதுதான் அதிசயம்; மற்ற நாளில் கேட்டுச் சத்தம் கேட்டாலே ஓடிவந்து வலையில் மோதும். கண்ணாடி, ஊஞ்சல், கோஸ் என்று நான் அலைந்ததற்கு, வாசல் குப்பையை உள்ளே கொட்டியிருந்தால் போதும். இவை கேட்டது விளையாட்டுச் சாமான் இல்லை, வேலை.

இன்றிலிருந்து முறையை மாற்றிவிட்டேன். சாயங்காலம் அடைந்த பிறகு சருகை வாரியால் நடுவில் குவித்து, நாளைய கம்பில் பாதியை அதற்குள் தூவிவிடுகிறேன். தட்டில் வைப்பது மீதிப் பாதிதான். காலையில் திறந்துவிட்டால் பதினொரு மணி வரை ஓடும்.

மார்ச் 30

மண் குளியல். லாரி டயர் ஒன்றில் சலித்த மணலும் விறகடுப்புச் சாம்பலும் பாதிப் பாதி, மேலே இடித்த வேப்பிலைத் தூள். கடற்கரை மணல் கிட்டத்தில் கிடைக்கும்தான். உப்பு இருக்கும் என்று எடுக்கவில்லை. உச்சிவெயில் ஏறும் நேரத்தில் சாம்பி முதலில் இறங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, காலால் மண்ணை வாரி வாரி இறகுக்குள் போட்டுக்கொண்டது. கண்ணை மூடிக் காலை நீட்டிக் கிடந்ததைப் பார்த்து மகள் கோழி செத்துவிட்டது என்று அலறிக்கொண்டு வந்தாள்.

ஏப்ரல் 13

இரண்டு தப்பு செய்தேன்.

ஒன்று, டயருக்கு மேல் கூரை போடவில்லை. திடீரென்று ஒரு கோடை மழை. ஈரச் சாம்பல் காரம், தோலைப் புண்ணாக்கும். முழுவதையும் அள்ளிக் கொட்டிவிட்டு, கீற்று வேய்ந்த பிறகு புதிதாக நிரப்பினேன்.

இன்னொன்று அந்த ஊஞ்சல். கழியைக் கழற்றியவன் நைலான் கயிற்றை அப்படியே விட்டிருந்தேன். வெயிலில் இற்றுப் பிரிந்து தலைமுடி போல இழை இழையாகத் தொங்கியிருக்கிறது. வியாழக்கிழமை புள்ளி நொண்டியது. தூக்கிப் பார்த்தால் நடுவிரலைச் சுற்றி ஓர் இழை இறுகி, விரல் கத்தரிப்பூ நிறத்தில் வீங்கியிருந்தது. மகள் துண்டால் தலையை மூடிப் பிடித்துக்கொள்ள (கண் மறைந்தால் கோழி அடங்கிவிடும்), நகவெட்டியின் முனையால் இழை இழையாக எடுத்தேன். அரைமணி நேரம். எடுத்த இழையை எல்லாம் சேர்த்தால் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. அதையே விழுங்கியிருந்தால் தீனிப்பையில் சிக்கியிருக்கும். இப்போது அடைப்புக்குள் நைலான் ஒரு துண்டு கிடையாது. கோஸ் கட்டுவதற்குக்கூடக் கம்பிக் கொக்கிதான்.

விரல் பிழைத்தது. நிறம் மாறி வருகிறது.

ஏப்ரல் 20

வெள்ளத்தில் ஊறி உளுத்த பழைய கதவு ஒன்று கிடந்தது. அதை அடைப்பின் நடுவே குறுக்காக நிறுத்திக் கட்டினேன். இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும். செம்பி துரத்தினால் புள்ளி கதவுக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறது. கண்ணில் படவில்லை என்றால் செம்பிக்கு வந்த விஷயமே மறந்துவிடும். கதவின் மேல்விளிம்பில் ஒன்றும் தரையிலிருந்து இரண்டடியில் ஒன்றுமாகச் சவுக்குக் கழி கட்டியதும் உட்கார இடமும் கூடிற்று. ஆடாத கழி என்றால் ஏறுகின்றன.

மே 4

இன்றைக்கு அக்னி நட்சத்திரம் தொடக்கம். கோழிக்கு வேர்க்காது, வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டை இறக்க வேண்டும். பதினொன்றிலிருந்து நாலு வரை வேலை எதுவும் கொடுப்பதில்லை. கீற்று நிழல், ஈரச்சாக்கு, மண்சட்டியில் தண்ணீர், குளிரவைத்த தர்பூசணிப் பத்தை. சருகு வேலை விடியற்காலைக்கு மாறிவிட்டது.

பண்ருட்டிப் பலா வந்துவிட்டது. சுளை எங்களுக்கு, சடை கோழிக்கு என்று போட்டேன். நன்றாகப் பிய்த்து விளையாடின, மறுக்கவில்லை. ஆனால் மறுநாள் ஈ மொய்த்த மொய்ப்பில் பக்கத்து வீட்டாரோடு இருந்த சமாதானம் போகப் பார்த்தது. இனி போட்டால் ஒருமணி நேரத்தில் அள்ளிவிடுவேன்.

மே 11

புழு விஷயத்துக்கு ஆயா வழி சொன்னார். எங்கள் தாத்தா செய்து பார்த்திருக்கிறேன், மறந்தே போயிருந்தது.

உடைந்த பானை. அதற்குள் கிழிந்த கோணி, காய்ந்த சாண வறட்டி, கொஞ்சம் வைக்கோல், இற்றுப்போன ஓலை. எல்லாம் நனைகிற மாதிரி தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டம் இருக்கிற தரையில் சாயங்காலம் கவிழ்த்து வைக்க வேண்டும். விடிந்ததும் மெதுவாக நிமிர்த்தினால் கோணி முழுக்கக் கரையான் ஊர்ந்துகொண்டிருக்கும். வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மண்ணுக்குள் இறங்கிவிடும். "வாசக்கால் பக்கம் மட்டும் வெச்சிடாத, கோழி திங்கறதுக்கு முன்னாடி அது உன் வூட்டைத் தின்னுடும்" என்பது ஆயாவின் எச்சரிக்கை. மருந்தடித்த நிலத்துப் பக்கமும் வைக்கக் கூடாது.

கோணியை அடைப்புக்குள் உதறியபோது வந்த சத்தத்தை எழுத்தில் எழுத முடியவில்லை. கொத்தலா, சண்டையா, சந்தோஷமா என்று பிரிக்க முடியாத ஒரு கொக்கரிப்பு. ஐந்து நிமிடத்தில் ஒரு கரையான் மிச்சமில்லை. கோணி நூலை மட்டும் ஒருமணி நேரம் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. வாரத்துக்கு மூன்று பானை வைக்கிறேன்.

மே 25

புள்ளியின் வாலில் முள்முளை கிளம்பி, பாதி இறகு விரிந்துவிட்டது. செம்பி இரண்டு வாரமாக அந்தப் பக்கம் போகவில்லை.

வெள்ளச்சி அடைக்கு உட்கார்ந்துவிட்டது. எங்களிடம் சேவல் இல்லாததால் ஆயா தன் தங்கை வீட்டிலிருந்து ஒன்பது முட்டை வாங்கி வந்தார். கூடையில் மணலும் வைக்கோலும் போட்டு, இடி இடித்தால் முட்டை கெடாமலிருக்க ஓர் இரும்புத்துண்டு, ஒரு கரித்துண்டு, இரண்டு வரமிளகாய். நான் ஒன்றும் கேள்வி கேட்கவில்லை. வெள்ளச்சி போனதிலிருந்து பாட்டில் உதைக்க ஆளில்லாமல் மற்ற நான்கும் அதைச் சுற்றி நிற்கின்றன.

ஜூன் 18

இருபத்தோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை, ஏழு குஞ்சு. ஒரு முட்டை கூமுட்டை, ஒன்று குத்திக்கொண்டு வெளிவராமல் போய்விட்டது. தாயும் குஞ்சுமாகக் கதவுக்கு அந்தப் பக்கம் தனியே வலை கட்டி விட்டிருக்கிறேன்.

இன்று காலை பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் குருணை தூவினேன். மூன்று நாள் குஞ்சு ஒன்று, எலுமிச்சம்பழம் அளவுகூட இருக்காது, தாள்மேல் ஏறி நின்றது. வலது காலால் ஒரு கீறு, இடது காலால் ஒரு கீறு. ஓரடி பின்னால் தள்ளிக் குனிந்து பார்த்தது. தாளில் அச்செழுத்துதான் இருந்தது. அதையும் ஒரு கொத்து கொத்திவிட்டு, மறுபடி வலது காலால் தொடங்கியது.