யாரிடம் கேட்டது?

மே மாதம் கடைசி வகுப்பை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். துறைத் தலைவர் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். உள்ளே மாணவர்களின் கட்டுரைகள். "நீங்கள் கணக்கு வாத்தியார். எண்கள் உங்களுக்குப் பழக்கம்தானே?" என்றார். பொதுக்கல்வி மதிப்பீட்டுக் குழு என் தலையில் விழுந்தது இப்படித்தான்.

நான் வேலை பார்ப்பது அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், லகோட்டா என்ற பூர்வகுடி மக்கள் நடத்தும் ஒரு பல்கலைக்கழகத்தில். எந்தத் துறையில் பட்டம் வாங்கினாலும் எழுத்து, பேச்சு, கணக்கு, அறிவியல், அதோடு லகோட்டா மொழி, வரலாறு எல்லாம் படித்தாக வேண்டும். படித்ததால் மாணவருக்கு என்ன வந்தது என்று காட்டச் சொல்கிறது கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும், சிகாகோவிலிருக்கும் ஹயர் லேர்னிங் கமிஷன். அதன் அங்கீகாரம் போனால், ஃபெடரல் அரசு தரும் கல்வி உதவித்தொகையும் போய்விடும். மார்க் போடுகிறோமே, போதாதா என்றால் போதாது. மார்க்கில் வருகைப்பதிவு, தாமதம், வாத்தியாரின் இரக்கம் எல்லாம் கலந்திருக்கும். நம் ஊரில் கல்லூரிகளைத் தரம் பார்க்க வரும் நாக் குழுவுக்காக, எந்தப் பாடம் பட்டத்தின் எந்த இலக்குக்கு உதவுகிறது என்று சிஓ–பிஓ அட்டவணை நிரப்பியவர்களுக்கு இந்தத் தலைவலி புரியும்.

முதல் கூட்டத்தில் எக்செல் தாளைத் திரையில் போட்டேன். யாரும் வாயைத் திறக்கவில்லை. லகோட்டா மொழி கற்பிக்கும் மூத்த அம்மா ஒருவர் இருந்தார். மாணவர்கள் முதல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் உன்சி, அதாவது பாட்டி. அவர்தான் கடைசியில், "எங்களை அளக்க இதற்கு முன்பும் ஆட்கள் வந்திருக்கிறார்கள்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று இரவுதான் எனக்கு உறைத்தது. 1879-இல் பென்சில்வேனியாவில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கென்று கார்லைல் உறைவிடப் பள்ளி தொடங்கியபோது, முதலில் ரயிலேற்றிக் கொண்டுபோன பிள்ளைகள் ரோஸ்பட், பைன் ரிட்ஜ் என்ற பழங்குடி ஒதுக்கிடங்களின் லகோட்டா பிள்ளைகள். முடியை வெட்டினார்கள், பெயரை மாற்றினார்கள், தாய்மொழி பேசக் கூடாது என்றார்கள். அடுத்த ஆண்டே சின்டே க்லெஷ்கா என்ற தலைவர் (ஆங்கிலத்தில் ஸ்பாட்டட் டெயில்) நேரில் போய்ப் பார்த்துவிட்டுத் தன் பிள்ளைகளைக் கையோடு அழைத்து வந்துவிட்டார். ரோஸ்பட்டில் 1971-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. பைன் ரிட்ஜில் ஓக்லாலா லகோட்டா கல்லூரி தொடங்கியதும் அதே ஆண்டுதான். பிள்ளைகளுக்கு எது கல்வி என்பதை இனி நாங்களே சொல்லிக்கொள்கிறோம் என்று கட்டிய இடங்கள் இவை. அப்படியொரு இடத்தில் போய் நான் கலர் கலராகப் பட்டை வரைபடம் காட்டியிருக்கிறேன்.

சரி, அளவுகோல் என்று ஒன்று வேண்டுமே. அமெரிக்கக் கல்லூரிகள் பலவும் பயன்படுத்தும் 'வேல்யூ' ரூப்ரிக்குகள், அதாவது எதற்கு எத்தனை புள்ளி என்று சொல்லும் அட்டவணைகள், 2009-இல் வந்தவை. அதில் எழுத்துக்கானதை எடுத்தோம். ஐந்து வரிசை, ஒன்று முதல் நான்கு வரை நிலை. கட்டுரைகளில் பெயரை அடித்து மறைத்தோம். வீண் வேலை. இரண்டாம் பத்தியில் குதிரையின் பெயர் வந்ததும், எழுதியது யார் என்று அந்த அறைக்கே தெரிந்துவிடும். ஒவ்வொன்றையும் இருவர் படிக்க வேண்டும், புள்ளி ரொம்ப விலகினால் மூன்றாமவர் படிக்க வேண்டும். அதற்கு முன்னால் எல்லோரும் ஒரே கட்டுரைக்குப் புள்ளி போட்டுப் பார்க்க வேண்டும், பார்வை ஒத்துப்போகிறதா என்று. அந்த ஒரு கட்டுரையிலேயே மதியம் முழுக்கப் போய்விட்டது.

எழுதிய பெண்ணின் தலைப்பு வனியெது வோவாபி. லகோட்டா மக்கள் எருமைத்தோலிலும், பிற்பாடு துணியிலும் தாளிலும் வரைந்துவைத்த ஆண்டுக்கணக்கு அது. ஆண்டுக்கு ஒரு படம்தான். அந்த ஆண்டின் பெயர் எதுவாக இருக்க வேண்டும் என்று பெரியவர்களைக் கலந்துதான் முடிவு செய்வார்கள். 1833 நவம்பரில் எரிகற்கள் மழையாகக் கொட்டியதல்லவா, பெரும்பாலான கணக்குகளில் அந்தக் குளிர்காலம் நட்சத்திரங்கள் விழுந்த ஆண்டு. அவள் கட்டுரையும் அதைப் பற்றியதுதான்.

மின்னசோட்டாவிலிருந்து வந்திருந்த ஆங்கில விரிவுரையாளர் ஓரத்தில் பெரிய கேள்விக்குறி போட்டிருந்தார். "முதல் பக்கத்தில் அப்பா இறந்துவிடுகிறார். மூன்றாம் பக்கத்தில் அப்பா உட்கார்ந்து கதை சொல்கிறார்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லகோட்டாவில் அப்பா 'அத்தே' (நம் காதுக்கு அத்தை என்றே விழும்). அப்பாவின் அண்ணன் தம்பியும் அத்தேதான். அம்மாவின் அக்கா தங்கை எல்லோரும் 'இனா', அம்மாதான். தாய்மாமனுக்கு மட்டும் வேறு சொல். பெரியப்பா, சித்தப்பா என்று நாம் அப்பாவை ஒட்டவைத்துச் சொல்வதும் மாமாவைத் தனியாக வைப்பதும் இதே கணக்குத்தானே! 19-ஆம் நூற்றாண்டிலேயே லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்கர் பூர்வகுடிகளின் உறவுமுறையையும் தமிழர் உறவுமுறையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து வியந்திருக்கிறார். பலகையில் மாமன், மச்சான் எல்லாம் வரைந்து விளக்கினேன். கேள்விக்குறியை அழித்தார்.

ஆனால் 'ஆதாரம்' என்ற வரிசையில் சிக்கல் தீரவில்லை. நம்பகமான ஆதாரங்களைக் கையாள்கிறாரா என்று ரூப்ரிக் கேட்கிறது. பெரியப்பா சொன்னார் என்பதற்கு ஆங்கில விரிவுரையாளர் ஒன்று போட்டிருந்தார். வாய்மொழியை மதிக்க வேண்டும் என்று நான் தாராளமாக நான்கு. உன்சி நான்குதான் போடுவார் என்று நினைத்தேன்.

அவர் போட்டது இரண்டு.

"இவள் பெரியப்பாவுக்கு யார் சொன்னது? எழுதவில்லையே" என்றார். "கேட்டதைச் சொல்கிறவர் யாரிடம் கேட்டோம் என்று சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும். குளிர்காலத்தில் மட்டும் சொல்கிற கதையா, எப்போதும் சொல்லலாமா, அதுவும் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் போட்ட நான்கு, பாட்டிக்குப் பயந்து போட்ட நான்கு."

எனக்குக் காது சூடாகிவிட்டது. ரூப்ரிக்கின் அந்த வரிசைக்குக் கீழே ஒரு குறிப்பு சேர்த்தோம்: வாய்மொழி ஆதாரமென்றால் சொன்னவர் யார், மாணவருக்கு என்ன உறவு, அவர் யாரிடம் கேட்டார், சொல்ல அனுமதி உண்டா. அப்புறம் மற்றக் கட்டுரைகள் வேகமாக நகர்ந்தன.

கணக்குப் பகுதியில் சொல்ல அதிகம் இல்லை. ஒரு வகுப்பில் ஒன்பது பேர். ஒருவர் சரியாகச் செய்தால் பதினொரு சதவீதம் ஏறும். பனியில் கார் கிளம்பாமல் ஒருவர் வராவிட்டால் இறங்கும். சதவீதம் போடுவதையே விட்டுவிட்டு ஆள் கணக்காக எழுதினோம்.

எழுத்தில் ஆதார வரிசை எல்லா வகுப்பிலும் பலவீனமாக வந்தது. ஏனென்று தேடியபோது, மாணவருக்குக் கொடுத்த பணித்தாள்களை விரித்துப் பார்த்தோம். பாதிக்கு மேற்பட்டதில் ஆதாரம் காட்டச் சொல்லவே இல்லை. கேட்காததை எப்படித் தருவார்கள்? என்னுடைய புள்ளியியல் பணித்தாளும் அதில் ஒன்று. அறிக்கையில் அதையும் எழுதினேன். பணித்தாள்களை மாற்றினோம்.

டிசம்பரில் அடுத்த பெட்டி வந்தது. மேலே இருந்த கட்டுரையில் அடிக்குறிப்பு: "என் அத்தேயிடம் கேட்டது, அப்பாவின் அண்ணன். அவர் தன் தாத்தாவிடம் கேட்டது." மின்னசோட்டாக்காரர் நான்கு போட்டிருந்தார். உன்சி பென்சிலால் மூன்று போட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதியிருந்தார்: "எந்தத் தாத்தா?"