வலது பக்கத்துக் குட்டி கெபாசிட்டர்

"கழட்டினதெல்லாம் வெச்சிருக்கீங்களா தம்பி?" என்று ஸ்பீக்கர் ரிப்பேருக்குக் கொடுத்திருந்த வாடிக்கையாளர் கேட்டபோது, இல்லை என்று நான் சொல்லவில்லை. "தேடிப் பார்க்கிறேன் சார்" என்றேன். கடைக் குப்பையை அள்ளி இரண்டு நாள் ஆகிவிட்டது என்பது அப்போதே எனக்குத் தெரியும்.

1970களின் கடைசியில் வந்த ஸ்பீக்கர் ஜோடி அது. ஒவ்வொரு பெட்டியிலும் கனத்த ஒலிக்கு ஊஃபர் ஒன்று, மெல்லிய மேல் ஒலிக்கு ட்வீட்டர் ஒன்று. வலது பக்கம் ட்வீட்டர் விட்டு விட்டுக் கேட்கிறது என்பதுதான் அவர் கொண்டுவந்த குறை. திறந்து பார்த்தேன், ஒலியை இரண்டுக்கும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் போர்டில் காயிலின் ஒரு கால் சால்டர் விட்டிருந்தது. ஐந்து நிமிஷ வேலை. அதோடு மூடியிருக்கலாம்.

ஆனால் இடது பக்கத்தையும் திறந்தேன். இரண்டு போர்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் கண்ணை உறுத்தியது. இடதில் ட்வீட்டருக்குப் போகும் வழியில் கனத்த ஒலியைத் தடுக்க 4.7 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், சத்தத்தைக் குறைக்க 2.7 ஓம் ரெசிஸ்டர். வலதிலும் அதே 4.7தான், ஆனால் அதன் முதுகில் 0.47 ஒன்று இணையாகச் சேர்க்கப்பட்டிருந்தது. ரெசிஸ்டரோ 1.5 ஓம். எனக்கு முன்னால் இதைத் தொட்ட யாரோ கையில் கிடைத்ததைப் போட்டுவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். அப்படி நினைத்ததில் தப்பில்லை என்று இன்றும் ஒரு மனம் சொல்கிறது. ஒரு பக்கம் கெபாசிட்டர் போனால் அதை மட்டும் மாற்றி, அதுவும் சொன்ன வேல்யூ கிடைக்காமல் பக்கத்து வேல்யூவைப் போட்டு அனுப்பிய எத்தனையோ ஜோடிகளை நானே சரி செய்திருக்கிறேன்.

போன் செய்தேன். "சார், ரெண்டு பக்கமும் வேற வேற வேல்யூ இருக்கு. ஒரே மாதிரி பண்ணிடட்டுமா?"

"அது உங்களுக்குத்தான் தெரியும் தம்பி. எனக்குக் கேக்க நல்லாத்தான் இருந்தது, அந்தச் சத்தம் விட்டுப்போறது தவிர."

முதல் வாக்கியத்தை அனுமதியாக எடுத்துக்கொண்டேன். இரண்டாவது வாக்கியம் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை.

இரண்டிலும் 4.7 ஆக இருந்த, வயதானால் கெடுகிற எலக்ட்ரோலிட்டிக் வகைக் கெபாசிட்டரை எடுத்துவிட்டுப் புது 4.7 ஃபிலிம் கெபாசிட்டர், 2.7 ஓம் ரெசிஸ்டர் போட்டேன். அந்த எலக்ட்ரோலிட்டிக்குகளை மாற்றியது சரிதான். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆனவை, மீட்டரில் இரண்டுமே 5.5க்கு மேல் காட்டின. ஆனால் அந்த 0.47 ஃபிலிம் வகை. அது எளிதில் கெடுகிற சாமான் இல்லை. அதைத் தொட எனக்கு ஒரு காரணமும் இல்லை, இடது பக்கத்தில் அது இல்லை என்பதைத் தவிர.

ஒரு வாரம் கழித்து அவரே கூப்பிட்டார். "பாடறவர் நடுவுல இல்ல தம்பி. கொஞ்சம் இடது பக்கம் தள்ளி உக்காந்த மாதிரி இருக்கு." பழைய மோனோ கச்சேரிப் பதிவுகள்தான் அவர் அதிகம் கேட்பது. மோனோ என்றால் இரண்டு பெட்டியிலும் ஒரே ஒலிதான், அதில் குரல் இரண்டு பெட்டிக்கும் நட்ட நடுவில் நிற்க வேண்டும். அதைவிடத் தெளிவாக யாரும் குறை சொல்ல முடியாது. அதற்கு நான் சொன்ன பதில்: "புது கெபாசிட்டர் சார், கொஞ்ச நாள் ஓடினா செட் ஆயிடும்."

இதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஃபிலிம் கெபாசிட்டர் ஓடி ஓடி செட் ஆகும் என்பதில் எனக்கே நம்பிக்கை கிடையாது. தொழிலில் எல்லோரும் சொல்கிற பதில், நாக்கில் தயாராக இருந்தது. அவர் காது பழகிவிடும், பேச்சும் அடங்கிவிடும் என்றுதான் உள்ளுக்குள் எண்ணினேன் போல.

அன்று இரவு கணக்குப் போட்டேன். ட்வீட்டரை 8 ஓம் என்று வைத்துக்கொண்டால், 1.5 இருந்த இடத்தில் 2.7 போட்டால் கிட்டத்தட்ட 1 டெசிபெல் குறையும். இரண்டு பக்கமும் குறைந்தால் பெரிதாகத் தெரியாது. ஒரு பக்கம் மட்டும் குறைந்தால், அதே நாற்காலியில் பல வருஷமாக உட்கார்ந்து கேட்பவருக்குத் தெரியும். பிபிசி 1970களில் ஒலிபரப்பு வேன்களுக்காக வடிவமைத்த எல்எஸ் 3/5ஏ ஸ்பீக்கரின் கிராஸ்ஓவரில், ட்வீட்டரின் அளவைக் கூட்டிக் குறைக்க டிரான்ஸ்ஃபார்மரில் பல டாப்புகள், அதாவது மாற்றி இணைக்கும் முனைகள், இருக்கும். ட்வீட்டருக்கு ட்வீட்டர் அளவு மாறும், அதனால் பெட்டிக்குப் பெட்டி இணைப்பும் மாறலாம். போர்டு இரண்டும் வேறாக இருப்பதால்தான் சத்தம் ஒன்றாக இருக்கும். இது எனக்கு முன்பே தெரிந்த விஷயம். என் மேஜையில் கிடந்த பெட்டிக்கும் அது பொருந்தலாம் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அப்படியென்றால் அந்த 0.47 தொழிற்சாலையிலேயே போட்டதா? போர்டில் மஞ்சள் பசை ஒரே கட்டியாகக் குட்டி கெபாசிட்டரையும் சேர்த்து மூடியிருந்ததாகவும், அதை நான் பிளேடால் கீறி எடுத்ததாகவும் நினைவு. அது உண்மை நினைவா, பின்னால் குற்ற உணர்ச்சியில் நானே சேர்த்துக்கொண்டதா, தெரியவில்லை. படம் எடுக்கவில்லை. மைக் வைத்து அளந்தபோது வலது ட்வீட்டர் இடதைவிடச் சற்றுக் குறைவாகத்தான் வந்தது. ஆனால் அது பிறவிக் குறையா, வயதில் வந்த தளர்ச்சியா என்று மைக் சொல்லாது.

பெட்டிகளைத் திரும்ப வரவழைத்து 1.5 ஓமும் 0.47ம் போட்டுக் கொடுத்தேன். 0.47 என்பதும் என் ஞாபகம்தான், 0.33 ஆகவும் இருந்திருக்கலாம். காசு வாங்கவில்லை. கேட்டுவிட்டு, "இப்ப சரியா இருக்கு தம்பி" என்றார். உண்மையிலேயே குரல் நடுவுக்கு வந்ததால் சொன்னாரா, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது கழட்டுகிற ஒவ்வொன்றையும் கவரில் போட்டு, எந்தப் பக்கம் என்று எழுதி, வேலையோடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன். திறப்பதற்கு முன் இரண்டு பெட்டியையும் மோனோவில் ஓடவிட்டுக் கேட்கிறேன். ஆனாலும் போன மாதம் வந்த வேறொரு ஜோடியில் ரெசிஸ்டர் இரண்டும் வேறாக இருந்தன. ஒன்று கருகியிருந்தது, அளவு படிக்க முடியவில்லை. இன்னொரு பக்கத்து வேல்யூவையே இதிலும் போட்டு அனுப்பினேன். வேறு என்ன செய்திருக்க முடியும்? கருகியதைக் கவரில் போட்டுத்தான் கொடுத்தேன். அவர்கள் இன்னும் கூப்பிடவில்லை.