கமகம் கேட்ட கிடார்
பள்ளி முடியும்வரை எனக்குத் தெரிந்த மேடை சபா மேடைதான். மயிலாப்பூரில் பாட்டு வகுப்பு, டியூஷன், வீடு. விளக்கு வைத்த பிறகு வாசல் தாண்ட அப்பா விடமாட்டார்.

ராக் என்றால் வெறும் கத்தல் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நினைப்பு. கல்லூரித் தோழி ஒருத்தி கொச்சி பேண்டான மதர்ஜேனின் 2008 ஆல்பத்தை ஹெட்போனில் கேட்கக் கொடுத்தாள், அதில் பைஜு தர்மஜனின் கிடார் ஸ்வரங்களை வளைத்து இழுத்த விதத்தைக் கேட்டதும், அட, இது நம்ம கர்நாடக சங்கீதத்துக் கமகம்தானே என்று உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது!

அப்புறம் இளம் பேண்டுகள் வாசித்த அடையாறு அன்வைண்ட் சென்டர். என் வயசுப் பசங்க சொந்தமாக எழுதிய பாட்டை, சுருதி கொஞ்சம் விலகினாலும் தயங்காமல் வாசித்தார்கள். தப்பு வந்துவிடுமோ என்று பயந்தே பாடி வளர்ந்த எனக்கு அது பெரிய விடுதலை. 2009-இல் ஸ்வீடனிலிருந்து ஓபெத் என்ற மெட்டல் பேண்ட் சென்னை ஐஐடியின் கலைவிழாவான சாரங்குக்கு வந்தபோது திறந்தவெளி அரங்கில் முன்பின் தெரியாதவர்களோடு தோளோடு தோள் நின்று தொண்டை கட்டும்வரை பாடினேன். பயமே இல்லை.

அந்த வருஷங்களில் சென்னை பேண்டுகளைப் பதிவு செய்தவர்கள் யாராவது இருந்தால், தரம் எப்படியிருந்தாலும் சரி, தயவுசெய்து இங்கே போடுங்கள். என் மகளுக்குக் கேட்கக் கொடுக்கவேண்டும்.