இடது முன் சக்கரத்தில் வந்த கிறீச் சத்தம்

மூன்று வாரமாக என் விட்ஸ் காரின் பிரேக் கத்திக்கொண்டிருந்தது. கொழும்பிலிருந்து காலிக்குப் போகும் காலி வீதியில் மாலை நெரிசலில் ஊர்ந்து போகும்போது பெடலை மெல்லத் தொட்டாலே போதும், நீளமாக ஒரு கிறீச். பலமாக மிதித்தால் சத்தமே இல்லை.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் கார் நிறுத்துகிறவர்களுக்குக் காலைச் சத்தம் பழகிப்போனதுதான். இரவு முழுக்க உப்புக்காற்றுப் பட்டு, சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிஸ்கில் மெல்லிய துரு படியும். நாலைந்து தடவை பிரேக் பிடித்தால், டிஸ்கை இரு பக்கமும் அழுத்தும் பேட் அதைத் துடைத்துவிடும். நானும் அதுதான் என்று முதலில் விட்டுவிட்டேன். ஆனால் இது பம்பலப்பிட்டி தாண்டி, கொள்ளுப்பிட்டி தாண்டியும் நிற்கவில்லை.

எந்தச் சக்கரம் என்று கண்டுபிடிக்க எங்கள் ஒழுங்கையே உதவியது. இரண்டு பக்கமும் உயர்ந்த மதில். கண்ணாடிகளை இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டினால் சத்தம் மதிலில் பட்டு நேராகக் காதுக்கு வரும். இடப்பக்கம் என்பது தெளிவாகிவிட்டது. அப்புறம் இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வந்து, முன் சக்கரம் இரண்டுக்கும் அருகே உள்ளங்கையைக் காட்டிப் பார்த்தேன். டிஸ்கைத் தொடக் கூடாது, கை வெந்துவிடும். வலப்பக்கம் இளஞ்சூடு. இடப்பக்கம் அடுப்படி வெக்கை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். வெறும் சத்தப் பிரச்சினை என்றால் இவ்வளவு சூடு ஏன்?

முதல் ஞாயிறு: பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, நட்டுகளைத் தளர்த்தி, ஜாக்கில் தூக்கி, ஜாக் ஸ்டாண்டும் வைத்தேன். ஜாக்கை மட்டும் நம்பி வேலை செய்ய எனக்கு மனம் வராது. பேட்களைப் பிடித்திருக்கும் கலிப்பரின் கீழ் போல்டைக் கழற்றி, கலிப்பரை மேல்நோக்கித் திருப்பினால் பேட் இரண்டும் கையில் வந்துவிடும். வெளிப்பேட்டில் 6 மில்லிமீற்றர் மீதி, உட்பேட்டில் 3 தான். மேற்பரப்பு கண்ணாடி போலப் பளபளத்தது. அதைச் சாண்ட் பேப்பரில் தேய்த்து, பிரேக் கிளீனரால் எல்லாவற்றையும் கழுவி, பேட்டின் முதுகிலும் காதுகளிலும் பிரேக்குக்கான கிறீஸைத் துளி தடவிப் பூட்டினேன். தூசியை ஊதாமல் ஈரமாகவே துடைத்தேன். அது நுரையீரலுக்கு நல்லதில்லை.

நாலு நாள் அமைதி. ஐந்தாம் நாள் திரும்பவும் அதே கிறீச்.

அடுத்த சனி காலையில் மறுபடி சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, எங்கள் தொடர்மாடியின் கீழ் வீட்டு அண்ணை பேப்பரோடு வந்து நின்றார். “தம்பி, கலிப்பர் பின் ரெண்டையும் கையால இழுத்துப் பாத்தனீரோ?” என்றார். “இல்லை அண்ணை, போல்டைத்தான் கழட்டினனான்” என்றேன். “அப்ப அதைப் பாரும்.”

கலிப்பர் வழுக்கி நகர்வது இரண்டு உலோகப் பின்களில். மேல் பின் விரலால் இழுக்கவே வழுக்கி வந்தது. கீழ்ப் பின் அசையவே இல்லை. பிளையரால் பிடித்து இடமும் வலமும் திருப்பித் திருப்பி, அரை மணித்தியாலம் மல்லுக்கட்டி வெளியே எடுத்தேன். அதன் நுனியில் இருக்கும் இறப்பர் புஷ் ஊறவைத்த கடலை போல வீங்கியிருந்தது. சுற்றிலும் சாதாரண பெயாரிங் கிறீஸ். போன வருடம் ஒரு கராஜில் பேட் மாற்றியபோது பூசியது. பெற்றோலிய எண்ணெயில் செய்த கிறீஸ் பட்டால் பிரேக்கில் உள்ள இறப்பர் வீங்கிவிடும். அங்கே சிலிக்கோன் கிறீஸ் போன்ற, இறப்பருக்கு ஒத்துக்கொள்ளும் வகைதான் பூச வேண்டும்.

இந்தக் கலிப்பரில் பிஸ்டன் ஒரு பக்கம் மட்டும்தான். அது முதலில் உட்பேட்டைத் தள்ளும். பிறகு கலிப்பர் முழுவதும் இந்தப் பின்களில் வழுக்கி நகர்ந்து வெளிப்பேட்டை இழுக்கும். பின் இறுகினால் உட்பேட்தான் கூடுதலாக உழைக்கும், பெடலை விட்ட பிறகும் டிஸ்கை விட்டு விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும். ஒரு பேட் மெலிந்தது, சக்கரம் கொதித்தது, நான் தேய்த்த பேட் நாலே நாளில் மறுபடி பளபளத்தது எல்லாவற்றுக்கும் இந்தச் சுண்டுவிரல் நீளப் பின்தான் காரணம்.

காரை ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டு, பழைய பின்னையும் புஷ்ஷையும் பையில் போட்டுக்கொண்டு 100ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டை போய், அங்கிருந்து வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தை. புஷ், தூசி மறைக்கும் இறப்பர் உறைகள், சிலிக்கோன் கிறீஸ், முன்பக்கத்துக்கு முழு செட் பேட். பேட்டை ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும்.

பின் ஓடும் துளையைத் துணியால் நன்றாகத் துடைத்து, புதுப் புஷ் போட்டு, கிறீஸை மெல்லிய படலமாகப் பூசினேன். மேல் பின்னையும் கீழ்ப் பின்னையும் இடம் மாற்றிவிடக் கூடாது. பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பிரேக் ஒயில் அதன் தாங்கியில் மேலே ஏறும். அது சிந்தினால் பெயின்ட் உரியும் என்பதால் தாங்கியைச் சுற்றித் துணி வைத்திருந்தேன். கலிப்பரைக் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டினேன். வலப்பக்கத்தில் அன்று பேட் மட்டும் மாற்றினேன். சக்கர நட்டுகளை 103 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசைக்கு இறுக்கினேன். காரை நகர்த்துவதற்கு முன் பெடல் இறுகும்வரை பலமுறை மிதித்தேன். இதை மறந்தால் முதல் மிதிப்பில் பிரேக்கே இருக்காது.

மறுநாள் விடியற்காலை, புதுப் பேட் டிஸ்கோடு படிவதற்காக, கடற்கரையோர மரைன் டிரைவில், பின்னால் வண்டி வராத நேரம் பார்த்து, 50 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 10க்கு நிதானமாகக் குறைத்துக் குறைத்துப் பத்துத் தடவை. ஒவ்வொன்றுக்கும் நடுவே டிஸ்க் ஆறும்படி சற்று ஓடவிட்டேன்.

இப்போது மூன்று வாரம். காலைத் துருச் சத்தம் ஒழுங்கை முனையிலேயே அடங்கிவிடுகிறது. வலப்பக்கத்தையும் போன ஞாயிறு திறந்து பார்த்தேன். அங்கும் அதே பெயாரிங் கிறீஸ். பின் ஓடுகிறது, ஆனால் புஷ் வீங்கத் தொடங்கியிருக்கிறது. இந்தச் சனி மறுபடி பஞ்சிகாவத்தை.